லேசர் கற்றைக்கு வேண்டிய வடிவம் கொடுப்பது எப்படி? கட்ட மீட்புக் கணக்கும் கடலோர மேசையும்

பாம்பன் பக்கம் முழங்கால் அளவு தெளிந்த தண்ணீரில் உச்சிவெயில் நேரத்தில் நின்று கீழே பாருங்கள். மணல்மேல் ஒளிக்கோடுகள் வலைபோல் பின்னிப் பின்னி ஓடும். மேலே விழும் வெயில் எங்கும் ஒரே அளவுதான். தண்ணீரின் மேடுபள்ளம் ஒளியை உறிஞ்சவில்லை. ஒளி கடக்கும் பாதையை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனாலேயே ஓரிடத்தில் ஒளி குவிகிறது, இன்னோரிடத்தில் இருள்கிறது.

லேசர் கற்றையை வடிவமைப்பது இதன் தலைகீழ்க் கணக்கு. மணலில் எந்த வடிவம் விழ வேண்டும் என்பதை நாம் சொல்வோம். அதற்கு மேலே தண்ணீர் எப்படி மேடுபள்ளமாக இருக்க வேண்டும் என்பதைக் கணினி கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் எஸ்எல்எம் (ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர்) என்ற திரவப்படிகப் பேனல். அதன் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளியின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, 0 முதல் 2 பை வரை (ஒரு முழு அலை வரை) தள்ளிப்போடும். ஒளியைக் குறைக்காது.

ராமநாதபுரம் கடலோரத்தில், மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு கல்லூரி அறையில், இந்த அமைப்பை முதன்முறை கட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்று. உப்பும் ஈரமும் மின்வெட்டும் இந்த ஊருக்கே உரியவை. அவற்றை அலட்சியம் செய்தால் கணினியில் அருமையாக வந்த வடிவம் மேசையில் வரவே வராது.

கணக்கின் அடிப்படை

பேனலுக்குப் பின்னால் ஒரு குவிலென்ஸ் வைத்தால், லென்ஸின் குவியத் தளத்தில் கிடைப்பது பேனலில் இருந்த ஒளிப்புலத்தின் ஃபூரியர் உருமாற்றம், அதாவது அந்தப் புலத்தை எளிய அலைகளாகப் பிரித்துக் காட்டும் வடிவம். இரண்டு தளங்களிலும் நமக்குத் தெரிந்தது வீச்சு (அலையின் உயரம்) மட்டும்: பேனலில் விழும் கற்றையின் வீச்சை அளந்துவிடலாம், குவியத் தளத்தில் வேண்டிய வீச்சை நாமே முடிவு செய்கிறோம். இரண்டிலும் கட்டம் தெரியாது. இந்த இரண்டு வீச்சுகளுக்கும் பொருந்தும் கட்டத்தைத் தேடுவதைத்தான் கட்ட மீட்பு என்கிறோம்.

கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் 1972-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்காக இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரு தளங்களுக்கும் இடையே முன்னும் பின்னும் போய்வருவது. போகும் இடத்திலெல்லாம் கட்டத்தை அப்படியே விட்டு, வீச்சை மட்டும் தெரிந்த வீச்சாக மாற்றுவது. இந்தச் சுழற்சியில் பிழை ஒருபோதும் அதிகரிக்காது என்று அவர்களே நிறுவினார்கள். பிழை அதிகரிக்காது என்பதற்குச் சுழியத்தை எட்டிவிடும் என்று பொருளில்லை. பாதிவழியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு நகராமல் போவது இந்த முறையின் இயல்பு. எங்கே போய் உட்காரும் என்பதை, எத்தனை சுற்று ஓட்டுகிறோம் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் தொடங்குகிறோம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கீழே வரும் படிகளில் அதிக இடம் அதற்குத்தான்.

படி 1: பொருட்களும் அளவுகளும்

எடுத்துக்காட்டாக ஒரே ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு எண்களோடு போவோம். உங்கள் பொருட்கள் வேறாக இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், வழி மாறாது.

ஒளிமூலம்: 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 2 முதல் 5 மில்லிவாட், கற்றை விட்டம் 0.8 மில்லிமீட்டர். போட்ட உடனே அளக்கக் கூடாது, அரை மணி நேரம் சூடாகட்டும்.

கற்றையை விரிக்க 25 மில்லிமீட்டர், 200 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள இரண்டு லென்ஸ்கள். இவை கற்றையை 8 மடங்கு விரித்து 6.4 மில்லிமீட்டர் ஆக்கும். இரண்டுக்கும் நடுவே குவியும் இடத்தில் புள்ளியின் விட்டம் சுமார் 25 மைக்ரோமீட்டர். அங்கே 50 மைக்ரோமீட்டர் ஊசித்துளை வைத்தால் தூசியால் வந்த வளையங்கள் அங்கேயே நின்றுவிடும், நல்ல ஒளி தடையின்றிப் போகும்.

பேனல்: பிரதிபலிக்கும் வகை, கட்டத்தை மட்டும் மாற்றுவது, 1920×1080 பிக்சல், பிக்சல் அகலம் 8 மைக்ரோமீட்டர். நடுவில் உள்ள 1024×1024 பிக்சலை மட்டும் பயன்படுத்துவோம். அது 8.19 மில்லிமீட்டர் சதுரம். நம் கற்றையின் விட்டம் அதில் 800 பிக்சல். பழைய ப்ரொஜெக்டரில் கழற்றிய எல்சிடி பேனலைக் கொண்டு செய்யலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். பழகிப்பார்க்க ஆகும். ஆனால் அதில் கட்டத்தோடு வீச்சும் சேர்ந்து மாறும், சிவப்பு ஒளிக்குப் பெரும்பாலும் 2 பை கிடைக்காது. சீரான வடிவத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

பேனலுக்கு முன் ஒரு போலராய்டும், ஒளி அதிரும் திசையைச் சுழற்றும் அரை அலைத் தகடும் வேண்டும். ஒளி அதிரும் திசை (தளவிளைவு) திரவப்படிக மூலக்கூறுகளின் திசைக்கு இணையாக இருந்தால்தான் கட்டம் மட்டும் மாறும். சில பாகை பிசகினாலும் ஒரு பகுதி ஒளி எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே திரும்பி நடுப்புள்ளியில் போய் விழும்.

ஃபூரியர் லென்ஸ்: 200 மில்லிமீட்டர் குவியத்தூரம், 50 மில்லிமீட்டர் விட்டம். பேனலிலிருந்து லென்ஸ் மிகச் சரியாக 200 மில்லிமீட்டரில் இருக்க வேண்டியதில்லை. தூரம் மாறினால் குவியத் தளத்தில் கட்டம் மாறுமே ஒழிய செறிவு மாறாது. கேமராவோ குவியத் தளத்தில் மிகச் சரியாக இருந்தாக வேண்டும்.

கேமரா: ஒற்றை நிறம், பிக்சல் 3.45 மைக்ரோமீட்டர், 1440×1080. பரப்பு சுமார் 5×3.7 மில்லிமீட்டர்.

பேனலில் கற்றை செங்குத்தாக விழ வேண்டும் என்று கற்றைப்பிரிப்பான் வைப்பவர்கள் உண்டு. 50:50 பிரிப்பானை இருமுறை கடந்தால் கையில் மிஞ்சுவது கால்பங்கு ஒளி. 10 பாகைக்குக் குறைவான சாய்வில் விழச் செய்து பக்கவாட்டில் எடுப்பதே மேல்.

படி 2: குவியத் தளத்தின் அளவுகோல்

இதைச் செய்யாமல் கணினிமுன் உட்காரக் கூடாது. குவியத் தளத்தில் இரு மாதிரிப்புள்ளிகளுக்கு (கணக்கு மதிப்பிடும் புள்ளிகளுக்கு) இடையிலான தூரம் = அலைநீளம் × குவியத்தூரம் ÷ (பிக்சல் எண்ணிக்கை × பிக்சல் அகலம்). நம் எண்களைப் போட்டால் 15.45 மைக்ரோமீட்டர். மொத்தப் பரப்பு அதைப்போல் 1024 மடங்கு, 15.8 மில்லிமீட்டர்.

இந்தக் கற்றை குவியும்போது கிடைக்கும் மிகச் சிறிய புள்ளியின் விட்டம் சுமார் 25 மைக்ரோமீட்டர். அதைவிட நுணுக்கமான எதையும் எந்தக் கணக்காலும் வரைய முடியாது. எனவே சதுரத்தின் விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் கேட்காதீர்கள். 2 அல்லது 3 மாதிரிப்புள்ளிகளில் மெல்ல இறங்குமாறு விளிம்பை மழுக்கிக் கொடுங்கள். கூரான விளிம்பு கேட்டால் விளிம்பை ஒட்டி உள்ளே வரிவரியாக அலைகள் எழும்.

நமது இலக்கு 128 மாதிரிப்புள்ளி அகலமுள்ள சீரான சதுரம், அதாவது 1.98 மில்லிமீட்டர். அதை நடுவில் வைக்கக் கூடாது. பேனலின் பிக்சல்களுக்கு இடையிலான இடைவெளியிலும் மேற்கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி நடுவில் ஒரு பளிச்சென்ற புள்ளியாக நிற்கும். அதன் பெயர் பூஜ்ஜிய வரிசை. 8 பிக்சலுக்கு ஒருமுறை 0-விலிருந்து 2 பை வரை ஏறி விழும் ரம்பப்பல் கீற்றணியைக் கட்டத்தோடு கூட்டினால் சதுரம் 1.98 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும், நடுப்புள்ளி வெளியே நின்றுவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு பிக்சலும் ஒரு சிறிய சதுரச் சன்னல் என்பதால் நடுவிலிருந்து விலக விலக ஒளி குறையும். நம் சதுரத்தின் நடுப்பக்க விளிம்பில் செறிவு உச்சத்தில் 98.7 சதவீதம், தூரத்து விளிம்பில் 89 சதவீதம். ஏறத்தாழ 10 சதவீதச் சரிவு, கணக்கில் எந்தப் பிழையும் இல்லாமலே வந்துவிடுகிறது. இலக்கின் செறிவை முன்கூட்டியே இந்தச் சரிவால் வகுத்துவிடுங்கள்.

படி 3: உள்ளே வரும் கற்றையை அளத்தல்

கற்றை முழுமையான காசியன் (நடுவில் உயர்ந்து ஓரத்தில் மெல்லக் குறையும் மணிவடிவம்) என்று எண்ணிக்கொண்டு சூத்திரத்தால் வீச்சை எழுதுவது சுலபம். அந்தச் சுலபத்துக்குப் பிறகு நாள்கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். கேமராவைப் பேனல் இருக்கும் இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். கேமராவின் பரப்பு கற்றையைவிடச் சிறியது, ஆகவே நகர்த்தி நகர்த்திச் சில படங்கள் எடுத்து ஒன்றாக ஒட்டுங்கள். கேமரா தருவது செறிவு. கணக்குக்கு வேண்டியது வீச்சு. செறிவின் வர்க்கமூலத்தைத்தான் கொடுக்க வேண்டும். இலக்குக்கும் இதுவே. இலக்கில் வர்க்கமூலம் எடுக்க மறந்தால் நிரல் குறைசொல்லாமல் ஓடும், விடையும் வரும். சதுரம் சீராக இருப்பதால் அதில் தவறு தெரியவும் தெரியாது. சங்கு, கோலம் என்று ஒளிநிழல் உள்ள வடிவத்துக்குப் போகும்போதுதான் மங்கலான இடங்கள் எல்லாம் கறுத்துப்போய்த் தவறு வெளிப்படும்.

படி 4: தொடக்கக் கட்டம்

பாடநூல் முறையில் தாறுமாறான எண்களைத் தொடக்கக் கட்டமாகப் போடச் சொல்வார்கள். தனித்தனிப் புள்ளிகள் மட்டும் வேண்டுமென்றால் அது போதும். நிரம்பிய சதுரம் வேண்டுமென்றால் அது கெடுதல். தாறுமாறான கட்டத்தில் ஒளிச்சுழிகள் பிறக்கும். ஒரு புள்ளியைச் சுற்றிவந்தால் கட்டம் சரியாக 2 பை கூடியிருக்கும். அந்தப் புள்ளியில் ஒளி சுழியம். கடலில் நீர்ச்சுழியின் நடுவே குழி விழுவதுபோல. இடப்பக்கம் சுழலும் ஒன்றும் வலப்பக்கம் சுழலும் ஒன்றும் சந்தித்தால்தான் இரண்டும் அழியும். வீச்சை மட்டும் மாற்றும் சுழற்சிக்கு அவற்றைச் சந்திக்க வைக்கும் வலு இல்லை. 50 சுற்று ஓட்டினாலும் 5000 சுற்று ஓட்டினாலும் சதுரத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கும்.

ஆகவே, மென்மையான ஒரு கட்டத்தில் தொடங்குங்கள். லென்ஸ்போல் கற்றையை இலக்கின் அகலத்துக்குச் சீராக விரிக்கும் இருபடிக் கட்டம் மிகவும் ஏற்றது. சூத்திரம் இது: கட்டம் = பை × இலக்கின் அகலம் (மாதிரிப்புள்ளிகளில்) × பிக்சல் தூரத்தின் வர்க்கம் ÷ (மொத்தப் பிக்சல் எண்ணிக்கை × கற்றையின் விட்டம் பிக்சலில்). பிக்சல் தூரம் என்பது கற்றையின் நடுவிலிருந்து கிடையாகவும் செங்குத்தாகவும் தனித்தனியே எண்ணியது. இரு திசைக்கும் உரிய கட்டங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். நம் எண்களில் பை × 128 ÷ (1024 × 800), அதாவது பிக்சல் தூரத்தின் வர்க்கத்துக்கு 0.000491 ரேடியன். சரிபார்ப்பது எளிது: கற்றையின் ஓரத்தில், 400-ஆவது பிக்சலில், கட்டச் சரிவு பிக்சலுக்கு 0.393 ரேடியன் வரும். அது 16 பிக்சலுக்கு ஒரு முழுச்சுற்று. அந்தச் சரிவு ஒளியை நடுவிலிருந்து 64 மாதிரிப்புள்ளி தள்ளும். 64 என்பது சதுரத்தின் பாதி அகலமேதான்.

செவ்வகம் வேண்டுமென்றால் இரு திசைக்கும் வெவ்வேறு அகலத்தைப் போடுங்கள். வளையம் வேண்டுமென்றால் கூம்புவடிவக் கட்டத்தில் தொடங்குங்கள்.

படி 5: சுழற்சி

பைத்தான் நிரல்மொழியில் நம்பை (NumPy) என்ற கணக்குத் தொகுப்பு இருந்தால் போதும். 1024×1024 அணியை 2048×2048 அணியின் நடுவில் வைத்து, சுற்றிலும் சுழியத்தால் நிரப்புங்கள். இது ஏன் தேவை? நிரப்பாமல் கணக்கிட்டால் மாதிரிப்புள்ளிகள் விழும் இடங்களில் மட்டும் செறிவு சரியாக இருக்கும். இரு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கணக்குக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நிரப்பியபின் மாதிரித் தூரம் 7.7 மைக்ரோமீட்டராகக் குறையும், சதுரம் 256 புள்ளியாகும். தொடக்கக் கட்டத்தின் மதிப்பு மாறாது, ஏனென்றால் சூத்திரத்தில் மேலும் கீழும் ஒன்றாக இரட்டிக்கின்றன.

ஒரு சுற்று இப்படி:

1. பேனல் தளத்தில் அளந்த வீச்சோடு இப்போதைய கட்டத்தைச் சேர்த்து, ஃபூரியர் உருமாற்றம் செய்யுங்கள்.
2. வந்த புலத்தின் கட்டத்தை வைத்துக்கொண்டு, வீச்சுக்குப் பதில் இலக்கின் வீச்சைப் போடுங்கள்.
3. தலைகீழ் உருமாற்றம் செய்யுங்கள்.
4. வந்த கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வீச்சை எறிந்துவிட்டு, முதல் படிக்குத் திரும்புங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உள்ளே போகும் மொத்த ஆற்றலும் இலக்கின் மொத்த ஆற்றலும் சமமாக இருக்குமாறு சுழற்சிக்கு முன்பே சரிசெய்யுங்கள். உருமாற்றமும் ஆற்றலைக் காக்கும் வகையாக இருக்கட்டும். அடுத்தது, நிரலில் சுழிய அலைவெண் அணியின் மூலையில் இருக்கும், நாமோ நடுவில் இருப்பதாக எண்ணி வரைகிறோம். ஒவ்வோர் உருமாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அணியை இடம்மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் கட்டத்தில் சதுரங்கப்பலகை போன்ற குறுக்குமறுக்கு வரும், வடிவம் மூலைக்குப் போய் நான்கு துண்டாக நிற்கும்.

பிழையை ஒவ்வொரு சுற்றுக்கும் வரைந்து பாருங்கள். முதல் 20, 30 சுற்றில் மளமளவென இறங்கும், பிறகு படுத்துவிடும். அதற்குமேல் வெறுமனே ஓட்டுவதில் பயனில்லை. முறையைத்தான் மாற்ற வேண்டும்.

நிரம்பிய வடிவங்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது பாசியென்ஸ்கியும் டிமார்கோவும் 2008-ல் வெளியிட்ட கலப்பு முறை. குவியத் தளத்தை இரண்டாகப் பிரிக்கிறோம்: சதுரமும் அதைச் சுற்றிச் சிறிது இருண்ட கரையும் ஒரு பகுதி, மீதி எல்லாம் இன்னொரு பகுதி. முதல் பகுதியில் இலக்கின் வீச்சைக் கலப்பெண்ணால் (0-க்கும் 1-க்கும் இடையே நாம் தேர்ந்தெடுக்கும் கலவை அளவு) பெருக்கிப் போடுகிறோம். இரண்டாம் பகுதியில் தானாக வந்த புலத்தை அப்படியே விட்டு, 1-லிருந்து கலப்பெண்ணைக் கழித்த எண்ணால் பெருக்குகிறோம். கணக்கால் தீர்க்க முடியாத ஒளி தன் சண்டையை வெளியே போய் வைத்துக்கொள்ளட்டும் என்று வழிவிடுவதுதான் இதன் சூட்சுமம். கலப்பெண்ணை 0.4-ல் தொடங்குங்கள். குறைத்தால் சதுரம் வழவழப்பாகும், ஆனால் அதில் விழும் ஒளியும் குறையும். பொருளை வெட்டவோ சூடாக்கவோ திறன் முக்கியம் என்றால் எண்ணைக் கூட்டுங்கள். நுண்ணோக்கிக்குச் சீர்மை முக்கியம் என்றால் குறையுங்கள்.

புள்ளி அணிகளுக்கு வேறு வழி. வாசலில் வைக்கும் புள்ளிக்கோலம்போல் 5×5 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சுழற்சியில் சில புள்ளிகள் பளிச்சென்றும் சில மங்கியும் நிற்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடையெண் கொடுங்கள், எல்லாம் 1-ல் தொடங்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எடையெண்ணை (எல்லாப் புள்ளிகளின் சராசரி வீச்சு ÷ அந்தப் புள்ளியின் வீச்சு) என்பதால் பெருக்குங்கள். மங்கிய புள்ளி அடுத்த சுற்றில் அதிகம் கேட்டு வாங்கிக்கொள்ளும். டி லியோனார்டோ குழு 2007-ல் 10×10 அணிக்கு இதைச் செய்து, சீர்மையை (எல்லாப் புள்ளியும் சமமானால் 1) 0.60-லிருந்து 0.99-க்கு உயர்த்தியது. திறன் இழப்பு ஒரு சதவீத அளவே. கடல்நீரின் நுண்பாசிகளை ஒளி இடுக்கியால் (சிறு துகளைப் பிடித்து நிறுத்தும் குவிந்த லேசரால்) ஒரே நேரத்தில் பல இடங்களில் பிடித்து வைக்க இந்த முறைதான் ஏற்றது. ஆனால் அதற்குச் சிவப்பு லேசர் கூடாது. பச்சையம் சிவப்பை உறிஞ்சும், செல் வெந்துவிடும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு எடுங்கள்.

படி 6: பேனலை அளந்து திருத்துதல்

கணினி கேட்கும் கட்டத்தைப் பேனல் உண்மையிலேயே தருகிறதா? நிரலில் 0 முதல் 255 வரை சாம்பல்நிலை கொடுக்கிறோம். 256 நிலைகளே தாராளம். 8 நிலைகள் இருந்தாலே 95 சதவீதமும் 16 நிலைகளில் 98.7 சதவீதமும் ஒளி சரியான இடத்துக்குப் போகும். சிக்கல் நிலைகளின் எண்ணிக்கையில் இல்லை. 255 என்றால் 2 பை என்று நம்புவதில்தான் இருக்கிறது.

அளக்கும் முறை: பேனலுக்கு முன்னால் 1 மில்லிமீட்டர் துளை இரண்டு உள்ள கறுப்புத் தகடு வையுங்கள், துளைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் தூரம். ஒரு துளைக்கு நேரே உள்ள பாதியில் சாம்பல்நிலையை 0-ல் நிறுத்துங்கள். மற்ற பாதியில் 0, 8, 16 என்று கூட்டுங்கள். குவியத் தளத்தில் குறுக்கீட்டுப் பட்டைகள் நகரும். பட்டை ஒரு முழு இடைவெளி நகர்ந்தால் 2 பை. இப்படி வந்த வளைகோட்டைத் தலைகீழாக்கி அட்டவணையாக வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்துக்கு எந்தச் சாம்பல்நிலை என்று அதிலிருந்து எடுங்கள்.

இந்தத் திருத்தத்தைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எண் போதும். பேனல் 2 பைக்குப் பதில் 10 சதவீதம் குறைவாகத் தந்தால், சுமார் 1.2 சதவீத ஒளி பூஜ்ஜிய வரிசைக்குப் போகும். அற்பமாகத் தோன்றும். ஆனால் அது முழுவதும் 25 மைக்ரோமீட்டர் புள்ளியில் விழுகிறது; மீதியோ 2 மில்லிமீட்டர் சதுரத்தில் பரவுகிறது. எனவே அந்தப் புள்ளி சதுரத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கு பிரகாசமாக இருக்கும்.

திரவப்படிகம் கட்டத்தை மாற்றுவது அதன் இரட்டை ஒளிவிலகலால்; வெப்பம் ஏற ஏற அது குறையும். குளிரூட்டிய அறையில் எடுத்த அட்டவணை, மின்சாரம் போய் அறை 34 பாகைக்கு ஏறியபின் பொருந்தாது. அளந்த வெப்பநிலையை அட்டவணையோடு எழுதி வையுங்கள்.

படி 7: கேமராவைக் கணக்குக்குள் கொண்டுவருதல்

மேசையில் முதலில் விழும் சதுரம் அழகாக இருக்காது. மனம் தளர வேண்டாம். லென்ஸின் குறை, பேனலின் வளைவு, கண்ணாடித் தூசி எல்லாம் சேர்ந்த விளைவு அது. இவை கணக்கில் இல்லை, படத்தில் இருக்கின்றன. எனவே படத்தைக் கணக்குக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்.

முதலில் ஒரே நேர்கோட்டில் இல்லாத 4, 5 புள்ளிகளைப் பேனலில் போட்டு, கேமராவில் அவை எங்கே விழுகின்றன என்று குறித்து, இரு அளவுகோல்களையும் பொருத்துங்கள். படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருப்பது இங்கே பிடிபடும். கேமராவில் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தல், காமா இரண்டையும் அணைத்துவிடுங்கள். பேனல் 60 ஹெர்ட்ஸில் மினுக்கும் என்பதால் வெளிச்ச நேரம் 16.7 மில்லிவினாடியின் மடங்காக இருக்கட்டும். ஒளி அதிகமானால் நேரத்தைக் குறைக்காமல், போலராய்டுக்கு முன்னே இன்னோர் அரை அலைத் தகட்டைச் சுழற்றி ஒளியைக் குறையுங்கள். 10 படம் எடுத்துச் சராசரி பாருங்கள்.

பிறகு இலக்கின் வீச்சை, (வேண்டிய செறிவு ÷ அளந்த செறிவு) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கித் திருத்துங்கள். முழுத் திருத்தத்தையும் ஒரேயடியாகப் போடாமல், அந்தப் பெருக்கெண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்திப் போடுங்கள். பேராசைப்பட்டு முழுவதும் போட்டால் அடுத்த படத்தில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், ஊசலாட்டம் அடங்காது. முந்தைய கட்டத்தையே தொடக்கமாகக் கொண்டு 10, 15 சுற்று ஓட்டி, மறுபடி படம் எடுங்கள். இப்படி 5 முதல் 10 முறை.

படத்தில் மெல்லிய இணைவரிகள் தெரிந்து, அவை பேனலில் எதை மாற்றினாலும் நகராமல் இருந்தால், அது கேமராவின் மூடுகண்ணாடியில் உண்டாகும் குறுக்கீடு. அதைத் திருத்தப் போகாதீர்கள். கேமராவைச் சில பாகை சாய்த்து, வரிகள் மாறுகின்றனவா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பிசகினால் எங்கே பார்ப்பது

சதுரத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் எதிர்ப்பக்கம் மங்கியும் இருந்தால், படி 2-ல் சொன்ன சரிவையும் திருத்தியாயிற்று என்றால், கற்றையின் நடுவும் கட்டப்படத்தின் நடுவும் விலகியிருக்கின்றன. இருபடிக் கட்டத்தில் கற்றையின் ஒவ்வோர் இடமும் சதுரத்தின் ஓரிடத்துக்குப் போகிறது, ஆகவே கால் மில்லிமீட்டர் விலகலும் பளிச்சென்று தெரியும். திருகைத் தொடாமல் கட்டப்படத்தைப் பேனலில் 5 பிக்சல், 10 பிக்சல் என்று நகர்த்திப் பாருங்கள். சதுரம் முழுவதும் குருணை குருணையாக இருந்தால் சுழிகள் புகுந்திருக்கின்றன; படி 4-க்குத் திரும்புங்கள். வடிவத்தின் மங்கிய தலைகீழ் நகல் நடுப்புள்ளிக்கு மறுபுறம் தெரிந்தால் படி 6-ன் அட்டவணை தவறு. விளிம்புகள் ஒரு திசையில் மட்டும் கலங்கியிருந்தால் பேனலின் வளைவைச் சந்தேகியுங்கள்.

உப்பும் ஈரமும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், தெற்கு பார்த்த ஜன்னல் வழியே உப்பு வரும். வாடை வந்ததும் அது பாக் விரிகுடாப் பக்கத்துக்கு மாறும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு கடலையும் பார்க்காத உள்ளறையாகப் பாருங்கள்.

சோற்றுப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே நீரை உறிஞ்சித் துளியாகிவிடும். ஆடியில் ஒட்டிய உப்புத்துகள் இரவில் உப்புநீர்த்துளி ஆகிறது, பகலில் மறுபடி படிகமாகிறது. இது நாள்தோறும் நடந்தால் உலோகப்பூச்சு புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். எனவே, மேசைமேல் அக்ரிலிக் மூடி போட்டு, உள்ளே ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும் வைத்து 60 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துங்கள். வெறும் உலோகப் பூச்சு ஆடி வேண்டாம், மேலே காப்புப்பூச்சு உள்ளதாக வாங்குங்கள். கறுப்புப் பூச்சு எஃகுத் திருகுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். எவர்சில்வர் திருகு போடுங்கள்.

துடைப்பதில் பலரும் செய்யும் தவறு, நேரே ஐசோபுரொபைல் ஆல்கஹால் எடுப்பது. உப்பு அதில் கரையாது. படிகத்தை ஆடிமேல் தேய்த்துக் கீறல்தான் விழும். முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த லென்ஸ் தாளை அழுத்தாமல் ஒரே இழுப்பில் இழுங்கள். அதன்பிறகு ஆல்கஹால். எஸ்எல்எம் பேனலை ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளியே 32 பாகை, 80 சதவீத ஈரம் என்றால் பனிநிலை 28 பாகை. 24 பாகைக்குக் குளிர்ந்த கண்ணாடிமேல் அந்தக் காற்று பட்டவுடன் நீர் படியும். மின்சாரம் போனதும் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறப்பது இயற்கை. அதற்குமுன் மேசை மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு அதைத் திறக்காதீர்கள். லேசர், பேனல், கணினி மூன்றையும் ஆன்லைன் யுபிஎஸ்ஸில் போடுங்கள். மின்விசிறி ஓடினால் காற்றின் அலைவில் புள்ளி ஆடும், அளக்கும்போது நிறுத்துங்கள். அதிர்வுக்கு விலை உயர்ந்த மேசை இல்லையென்றால், கனமான கிரானைட் பலகையைப் பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்கள் மேல் வைத்தால் இந்த வேலைக்குப் போதும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். 5 மில்லிவாட்டே ஆனாலும் குவிந்த கற்றை விழித்திரையைக் கெடுக்கும். கற்றையின் உயரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கீழே இருக்கட்டும், மோதிரமும் வளையலும் கழற்றிவிடுங்கள், பூஜ்ஜிய வரிசையைக் கறுப்புத் தகட்டால் அடைத்துவிடுங்கள். திறந்த ஜன்னல் வழியே கற்றை கடலுக்குப் போகவே கூடாது. அங்கே படகில் வருகிறவர் கண்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் 8 பிக்சல் கீற்றணியை மட்டும் போட்டு, முதல் வரிசையின் (கீற்றணி பக்கவாட்டில் தள்ளிய புள்ளியின்) திறனையும் பூஜ்ஜிய வரிசையின் திறனையும் அளந்து, வெப்பநிலை, ஈரப்பதத்தோடு நோட்டில் எழுதுங்கள். பூஜ்ஜிய வரிசை மட்டும் ஏறினால் பேனல் அட்டவணையை மறுபடி எடுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் லேசருக்கும் பேனலுக்கும் இடையிலுள்ள ஆடிகளை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உப்பு படிந்திருக்கும்.